எத்தனை இரவுகள்

சீசன் முடிந்து பதினோராவது நாள்.
மூஞ்சிக்கல் வளைவில் என் கடை.
மூன்று மெஷினில் ஒன்று
காலை ஒன்பதிலிருந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.
முப்பத்தேழு சதவீதம்.
அணைத்துவிடாதீர்கள் என்கிறது நீலத் திரை.
நான் எங்கே அணைக்கிறேன்,
அதற்கு மின்வாரியம் இருக்கிறது.

இரண்டாவதில் நேற்றிரவே பிரவுசர் மாறிவிட்டது,
என்னைக் கேட்காமல்.
மூலைகளையெல்லாம் உருட்டியிருக்கிறார்கள்.
பின்னால் போகும் அம்புக்குறி
காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் மெலிந்திருக்கிறது.
பிரின்ட் எங்கே என்று நாலு நிமிஷம் தேடினேன்,
பதினாலு வருஷமாக இதே நாற்காலியில் உட்காருபவள்.

மூன்றாவது மெஷின் எதற்கும் மாறாது.
அதில் எலி.

கொங்காணிச் சாக்கை வாசலில் உதறிவிட்டு
பூம்பாறைக் குழந்தைவேலு உள்ளே வந்தார்.
மடியிலிருந்து ஒரு பூண்டுத்தாளை எடுத்து
கீபோர்டின் மேலேயே வைத்தார்.
நுனி மஞ்சள். நடுவில்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை.
"நாங்க ஊதாங்கருக்கல்னு சொல்லுவோம்.
இது என்ன சொல்லுதுன்னு பாரு ஜெசிந்தா."

பூண்டு என்று அடித்தேன்.
கொழுப்பு கரையும் என்றது. வாயு போகும் என்றது.
வெறும் வயிற்றில் இரண்டு பல் என்றது.
கொடைக்கானல் பூண்டு என்றேன்.
அவ்வளவுதான்,
ஏரி தெரியும் அறை, வெந்நீர், கேம்ப் ஃபயர்,
எத்தனை இரவுகள் தங்குவீர்கள்?

"எதைக் கேட்டாலும் இதையே கேக்குதே தாயி.
பொறந்ததுலேர்ந்து தங்குறேன்னு போடு."

அப்போதுதான் கழிக்க ஆரம்பித்தேன்.
சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு,
இடைவெளி விடாமல்.
கழித்தல் ஹோட்டல். கழித்தல் காட்டேஜ்.
கழித்தல் ஹனிமூன், கழித்தல் பேக்கேஜ்.
ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு டூரிஸ்ட் பஸ்
வத்தலக்குண்டு பக்கம் இறங்கிப் போனது.
கழித்தல் சாக்லேட். கழித்தல் தைலம்.
தூண்பாறையைக் கழிக்கும்போது மட்டும்
விரல் நின்றது.
என் அத்தை அங்கேதான் சோளக்கதிர் சுடுகிறாள்.
கழித்தேன்.

பிறகு அவர் சொன்ன சொல்லை
இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு இறுக்கினேன்,
மட்டக்குதிரை முதுகில் மூட்டை கட்டுகிற மாதிரி,
வழியில் சிதறக்கூடாது.
ஊதாங்குழல் என்று தேடுகிறீர்களா
என்றது மெஷின்.

மழை தகரத்தில் சத்தமாகப் பேசியது.
குழந்தைவேலு யோசித்தார்.
"ஆபீஸ்காரன் எவன் எங்க ஊரை ஒழுங்கா எழுதியிருக்கான்?
தப்பாத் தேடு."

பூம்பாறையின் ஒரு காலை உருவினேன்.
பூம்பறை.

வந்தது. ஒன்றே ஒன்று.
கோணலாய் ஸ்கேன் செய்த பழைய சுற்றறிக்கை,
ஓரத்தில் டீ டம்ளர் வைத்த வளையம்.
மூன்றாம் பக்கத்தில் அதே தாள், அதே கறை,
கறுப்பு வெள்ளையில்.
அவர் தன் தாளைத் திரையில் ஒட்டிப் பார்த்துவிட்டு
உறவுக்காரனைக் கண்டதுபோல் சிரித்தார்.
கீழே மருந்தின் பெயர்.
ஃபைலில் கோக்கப் போட்ட பஞ்ச் ஓட்டை
சரியாக அதன்மேல் விழுந்திருந்தது.
முன்னால் 'மா' இருந்தது.
பின்னால் 'லிட்டருக்கு இரண்டு கிராம்' இருந்தது.
நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"போதும். வடுகபட்டிக் கடையில
மா-ல ஆரம்பிக்கிறதையெல்லாம் எடுத்துக் காட்டச் சொல்றேன்."
இருபது ரூபாயை மேசையில் வைத்தார்.
தாளை மறந்துவிட்டார், அல்லது விட்டுவிட்டுப் போனார்.
கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

தொண்ணூற்றொன்றில் கரண்ட் போனது.

வந்தபோது ஏழரை.
முதல் மெஷின்
மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்று
பழைய ஆளாகவே எழுந்தது, கொஞ்சம் வெட்கத்தோடு.
இரண்டாவது
மூடிய பக்கங்களைத் திறக்கட்டுமா என்று கேட்டது.
சரி என்றேன்.
நான் கழித்ததெல்லாம் வரிசையாக ஏறி வந்தது,
ஏரி, வெந்நீர், நெருப்பு,
எத்தனை இரவுகள்.

சும்மாதான் அழுத்திப் பார்த்தேன்.
பெட்டியில் ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும்தான்
எண்கள் இருந்தன.